முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு ஒரு மாதம் படுக்கையா?

"முழங்கால் மாற்று அறுவை முடிந்தால் ஒரு மாதம் காலை அசைக்கவே கூடாது, அசைத்தால் உள்ளே வைத்த மூட்டு கழன்றுவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

செயற்கை மூட்டைப் பெரும்பாலும் எலும்பு சிமெண்ட் வைத்துத்தான் பொருத்துகிறார்கள். அது அறுவை அரங்கிலேயே சில நிமிடங்களில் இறுகிவிடும். அதனால்தான் அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நிற்க வைக்கிறார்கள். அசையாமல் கிடந்தால்தான் ஆபத்து: கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம், மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு இறுகி முட்டி மடங்காமல் போகலாம்.

முட்டிக்கு அடியில் தலையணை வைக்கச் சொல்வதும் அதே செய்திதான். சுகமாக இருக்கும், சரி. ஆனால் கால் மடங்கியபடியே பழகி, அப்புறம் முழுதாக நீட்ட வராது. குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி, முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையை நோக்கி அழுத்துங்கள். ஐந்து நொடி அப்படியே பிடித்து, பிறகு தளர்த்துங்கள். மடக்குவதில் 90 பாகை வந்தால் நாற்காலியில் சிரமமில்லாமல் உட்காரலாம்.

வலி மாத்திரையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தவிர்ப்பதில் வீரம் ஒன்றுமில்லை. மருத்துவர் எழுதியதைப் பயிற்சிக்கு அரைமணி முன்பு போட்டால் கால் ஒத்துழைக்கும். பயிற்சி முடிந்ததும் துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம்.

கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும், காய்ச்சல், காயத்தில் சீழ் என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் உடனே அவசரப் பிரிவுக்கு.