வளைவில் இழுத்துப் பிடித்தால் செயின் போச்சு என்று அர்த்தமில்லை

"ஃபோர்-ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போட்டு தார்ச்சாலையில் திரும்பினால் வண்டி இழுத்துப் பிடிக்கிறது என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) செயின் தேய்ந்துவிட்டது, கழற்றி மாற்றுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

1990களின் டாட்ஜ் ராம் பிக்கப் வண்டியில் வரும் என்வி241 டிரான்ஸ்ஃபர் கேஸ் பார்ட்-டைம் வகை, அதாவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இழுவைக்கு மாற்றுவது. அதில் சென்டர் டிஃபரென்ஷியல், அதாவது முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. ஃபோர்-ஹையில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணிலோ பனியிலோ டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை, அதனால்தான் அந்த இறுக்கம். லீவர் டூ-ஹைக்கு (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) வர மறுப்பதும் பெரும்பாலும் இதனால்தான். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் விட்டுவிடும்.

நீண்டுபோன செயினின் அடையாளம் வேறு. மண்பாதையில் நேராக, ஃபோர்-லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்துடன் இழுக்கும் நிலை) பாரம் கொடுத்து ஏறும்போது 'டக் டக்' என்று பல் தாவி அடிக்கும். அந்தச் சத்தம் இல்லாமல் கேஸைப் பிரிக்காதீர்கள்.

முதலில் நான்கு டயரும் ஒரே அளவா, தேய்மானம் ஒன்றா என்று பாருங்கள். முன்சக்கரம் இழுக்கவே இல்லையென்றால், முன் ஆக்ஸிலை (முன்சக்கர அச்சை) காற்று உறிஞ்சும் விசையால் இணைக்கும் வேக்யூம் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.