‘வேண்டாம்’ என்பதற்கு என்ன நிறம்?

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் ஐந்தரை மணி. பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் பிரான்ஸ் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு டிக்கெட், அதாவது வேலைக் கோரிக்கை, வந்தது. அங்கே அப்போதுதான் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். விஷயம் ஒரே வரி: “மறுப்பதற்கான எழுத்தை இன்னும் கொஞ்சம் வெளிறிய நிறத்துக்கு மாற்ற முடியுமா?”

பையைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். செய்தித் தளம். உள்ளே நுழைந்ததுமே திரையில் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி. கருநீலத்தில் அகலமான ஒரு பட்டன், அதில் வெள்ளை எழுத்தில் ‘எல்லாவற்றையும் ஏற்கிறேன்’. பக்கத்தில் ‘அமைப்புகள்’. மறுக்க நினைப்பவருக்குப் பட்டனே கிடையாது. பெட்டியின் வலது மேல் மூலையில் பொடி எழுத்தில் ‘ஏற்காமல் தொடர்க’ என்று பிரெஞ்சில் ஒரு வரி, அவ்வளவுதான். அதன் நிறம் ஏற்கெனவே சாம்பல். நிறக் குறியீடு 767676. எங்கள் தொழிலில் பல பேருக்கு இந்த எண் மனப்பாடம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு இருக்க வேண்டும் என்று பார்வைக் குறைவு உள்ளவர்களுக்காக ஒரு விதி உண்டு. வெள்ளைப் பின்னணியில் அந்த விதியைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற கடைசிச் சாம்பல் இது. இதற்கு மேல் வெளிறினால் என் அம்மா கண்ணாடி போட்டுத் தேடினாலும் அகப்படாது.

நான் சென்னையில் உட்கார்ந்து ஐரோப்பியத் தளங்களுக்கு விளம்பர வேலை பார்க்கிறவன். நீங்கள் எந்த ஐரோப்பியத் தளத்துக்குப் போனாலும் முதலில் எரிச்சலூட்டுகிறதே அந்தக் குக்கீ பெட்டி (குக்கீ என்பது தளம் உங்கள் உலாவியில் எழுதி வைக்கும் சிறு குறிப்பு), அதை மாட்டுகிற ஆட்களில் நானும் ஒருவன். திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டுங்கள். ஆனால் தெரிந்தவர்களில் பாதிப் பேர் திட்டுவது சட்டத்தை. “ஐரோப்பாக்காரன் ஜிடிபிஆர்னு ஒண்ணைக் கொண்டுவந்து இன்டர்நெட்டையே கெடுத்துட்டான்” என்கிறார்கள். ஏழெட்டு வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

அந்தப் பெட்டியை வைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2002-ல் வந்து 2009-ல் திருத்தப்பட்ட ஐரோப்பிய மின்தொடர்புத் தனியுரிமை உத்தரவு சொல்வது ஒன்றுதான்: ஒருவருடைய கருவியில் எதையாவது எழுதி வைப்பதானாலும், அங்கிருந்து எதையாவது படிப்பதானாலும் அவரைக் கேட்டுச் செய். அவர் கேட்ட சேவைக்கு அவசியமானது என்றால் கேட்கவே வேண்டாம். கூடையில் போட்ட பொருளை நினைவில் வைக்க, லாகின் செய்தவரை அடையாளம் தெரிந்துகொள்ள வைக்கும் குக்கீக்கெல்லாம் எந்தப் பெட்டியும் தேவையில்லை. ‘கேட்பது’ என்றால் எப்படிக் கேட்பது என்பதை 2018 மே 25-ல் அமலுக்கு வந்த ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாக்கியது. கட்டாயம் இருக்கக் கூடாது, எதற்கென்று குறிப்பாகச் சொல்ல வேண்டும், விவரம் தெரிந்து சொல்லும் சம்மதமாக இருக்க வேண்டும், ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.

வாசகரைப் பின்தொடராத தளத்துக்குப் பெட்டி வேண்டாம் என்பதற்கு, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் ஒரு உதாரணம். 2020 டிசம்பரில் அவசியமில்லாத குக்கீகளை எல்லாம் தூக்கிவிட்டோம், அதனால் பெட்டியையும் தூக்கிவிட்டோம் என்று அறிவித்தார்கள். (பிறகு சந்தைப்படுத்தல் பக்கங்கள் சிலவற்றுக்கு மட்டும் குக்கீகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆசை யாரை விட்டது?)

நம் ஊரில் ‘மௌனம் சம்மதம்’ என்பார்கள். பெண் தலை குனிந்து நின்றாலே போதும், பெரியவர்கள் தட்டு மாற்றிவிடுவார்கள். ஐரோப்பியச் சட்டம் இதைத்தான் வெளிப்படையாக மறுத்திருக்கிறது. பேசாமல் இருப்பதும், முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டமும், ஒன்றும் செய்யாமல் விட்டதும் சம்மதம் ஆகாது என்று ஜிடிபிஆரின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறது. அப்படியும் பல தளங்கள் டிக் போட்ட கட்டங்களோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தன. ஜெர்மனியில் பிளானெட்49 என்ற பரிசுப்போட்டி நிறுவனத்தின் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2019 அக்டோபர் 1-ல் தீர்ப்பு வந்தது: முன்கூட்டியே டிக் அடித்த கட்டம் செல்லாது. அதற்கப்புறம்தான் டிக்குகள் காணாமல் போயின. அதன் இடத்தில் சாம்பல் நிறம் வந்தது.

அந்தக் கருநீலப் பட்டனை அழுத்தினால் உள்ளே நடப்பது இதுதான். உங்கள் பதிலைச் சுருக்கி ஒரு நீண்ட எழுத்துச் சரமாக மாற்றி உலாவியில் சேமிக்கிறோம். ஐஏபி யூரோப் என்ற விளம்பரத் துறை அமைப்பு 2018-ல் கொண்டுவந்த டிசிஎஃப் என்ற ஏற்பாடு இது. இரண்டாம் பதிப்பின் சரங்கள் எல்லாம் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தில்தான் தொடங்கும். தினமும் பார்த்துப் பார்த்து, அந்த ‘சி’யைக் கண்டாலே எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துவிடும். எந்தெந்த நோக்கத்துக்குச் சரி என்றீர்கள், எந்தெந்த நிறுவனத்துக்குச் சரி என்றீர்கள் என்பதெல்லாம் அதற்குள் பூஜ்யமும் ஒன்றுமாக உட்கார்ந்திருக்கும். பக்கம் திறக்கிற அந்தக் கண் சிமிட்டும் நேரத்தில் விளம்பர இடம் ஏலத்துக்குப் போகிறது. நீங்கள் என்ன படிக்கிறீர்கள், எந்த ஊர், என்ன கருவி என்ற விவரங்களோடு இந்தச் சரமும் ஏலத்துக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் போகும். ஜெயிப்பவர் ஒருவர்தான். தோற்றவர்களும் பார்த்துவிட்டுத்தான் தோற்கிறார்கள்.

‘அமைப்புகள்’ பக்கத்தை எப்போதாவது கடைசி வரை உருட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ‘எங்கள் கூட்டாளிகள்’ என்று ஒரு பட்டியல் வரும். எண்ணூற்றுச் சொச்சம் பெயர்கள் இருந்த பட்டியலை நானே மாட்டியிருக்கிறேன். குறிப்பாக, விவரம் தெரிந்து கொடுக்கும் சம்மதம் என்கிறது சட்டம். எண்ணூறு பெயர்களையும் விவரம் தெரிந்து ஏற்றுக்கொண்ட மனிதர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள், அவர் காலில் விழுகிறேன். பட்டியலை அமைத்த எனக்கே அதில் இருபது பேரைத் தாண்டித் தெரியாது.

இதைவிட மோசமானது அடுத்த தாவலில் இருந்தது. ‘நியாயமான நலன்’ என்று பெயர். சம்மதம் கேட்காமலேயே தரவைப் பயன்படுத்த சட்டம் விட்டு வைத்திருக்கும் வழிகளில் அதுவும் ஒன்று. முதல் தாவலில் எல்லாம் அணைந்திருக்கும். மறுத்துவிட்டோம் என்று நிம்மதியாக வெளியேறுவீர்கள். இரண்டாவது தாவலில் அத்தனையும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். 2023 மே மாதம் வந்த டிசிஎஃப்பின் 2.2 பதிப்பில்தான் ஆளைப் பார்த்துக் காட்டும் விளம்பரத்துக்கு இந்த வழியை அடைத்தார்கள். கூட்டாளிகள் எத்தனை பேர் என்பதை முதல் திரையிலேயே சொல்ல வேண்டும் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. அதற்கும் முன்பே, 2022 பிப்ரவரியில், பெல்ஜியத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஐஏபி யூரோப்புக்கு 2,50,000 யூரோ அபராதம் போட்டிருந்தது. அந்த எழுத்துச் சரமே தனிநபர் தரவாகலாம் என்று 2024 மார்ச் 7-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சம்மதத்தைப் பதிவு செய்கிற சீட்டே வில்லங்கம் என்றால் என்ன செய்வது?

நிறத்துக்கும் பட்டனுக்கும் வருகிறேன். பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல்தான் இதைச் சரியாகப் பிடித்தது. ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக்குகள் என்றால் அது சுதந்திரமான சம்மதம் இல்லை என்று சொல்லி, 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. மூன்று மாதத்தில் சரிசெய்யாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு லட்சம் யூரோ. ஏப்ரலில் கூகுள் ‘எல்லாவற்றையும் நிராகரி’ பட்டனைக் கொண்டுவந்தது. நான்கு வருஷமாக ‘தொழில்நுட்பச் சிக்கல்’ என்று இந்தத் துறையே சொல்லிக்கொண்டிருந்த பட்டன் அது! வேலை என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு பட்டன் வைக்க ஒரு மத்தியானம் போதும்.

நானும் யோக்கியன் இல்லை. மாதா மாதம் எங்களுக்கு ஒரு மீட்டிங் உண்டு. அதில் முதல் ஸ்லைடே ‘சம்மத விகிதம்’. அது ஏறினால் வாழ்த்து, இறங்கினால் கேள்வி. பெட்டியைத் திரைக்கு நடுவில் வைத்தால் எவ்வளவு, அடியில் வைத்தால் எவ்வளவு, ‘ஏற்கிறேன்’ என்பதற்குப் பதில் ‘சரி’ என்று போட்டால் எவ்வளவு என்று ஆளைப் பிரித்துச் சோதனை செய்வோம். இதற்கு எங்கள் பாஷையில் ‘மேம்படுத்துவது’ என்று பெயர். ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அவர் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் வரை கேள்வியை மாற்றிக்கொண்டே இருந்தால் அது கேள்வியே இல்லை. துணிக்கடை பில் கவுன்டரில் “போன் நம்பர் சொல்லுங்க சார்” என்பார்களே, பின்னால் பத்துப் பேர் நிற்பதால் சொல்லிவிட்டு நகர்வோமே, அந்த மாதிரி.

மறுபக்கத்திலும் வலி இருக்கிறது, மறைக்கவில்லை. திருச்சியில் என் அண்ணி ஒரு சமையல் தளம் நடத்துகிறார். வாசகர்களில் கணிசமானவர்கள் லண்டன், பாரிஸ், சூரிச் பக்கம் இருப்பவர்கள். குளிர்காலத்தில் ரசம் பக்கம் எகிறும். 2024 ஜனவரி முதல் ஐரோப்பிய, பிரிட்டன் வாசகர்களுக்கு கூகுள் வழியாக விளம்பரம் காட்ட கூகுளே சான்றளித்த ஒப்புதல் பெட்டி வேண்டும் என்றானபோது அண்ணி என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டிக்கு இரண்டு விதமான வடிவம் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றில் ‘சம்மதம்’, ‘அமைப்புகள்’ என்று இரண்டு பட்டன். இன்னொன்றில் ‘சம்மதமில்லை’யும் சேர்த்து மூன்று.

“எது வச்சா காசு அதிகம் வரும்?” என்றார் அண்ணி.

“இரண்டு பட்டன் அண்ணி.”

“அப்ப வேண்டாம்னு சொல்ல வழி?”

“அமைப்புகளுக்குள்ள போய்த் தேடணும்.”

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு மூன்றைத் தேர்ந்தெடுத்தார். வருமானம் குறைந்தது. ஏன் குறைந்தது என்று இன்னும் அவ்வப்போது கேட்பார். பெரிய தளங்கள் கழித்துவிட்டுப் போகிற தொகை அண்ணிக்குக் கரன்ட் பில். அதனால் ‘மறுப்பவர்களுக்கு விளம்பரமே காட்டாதே’ என்று நான் சொல்ல மாட்டேன். ஆளைப் பின்தொடராமலே விளம்பரம் காட்டலாம். ரசம் பக்கத்தில் பெருங்காயம் விற்கலாம், அதற்கு வாசகர் நேற்று எந்த மருத்துவரைத் தேடினார் என்று தெரியத் தேவையில்லை. நெதர்லாந்தின் பொது ஒளிபரப்புக்கு விளம்பரம் விற்கும் ஸ்டெர் அமைப்பு 2020 தொடக்கத்தில் பின்தொடரும் குக்கீகளை அடியோடு விட்டது. அந்த வருஷத்தின் முதல் இரண்டு மாதங்களிலும் வருமானம் முந்தைய வருஷத்தைவிட ஏறியது. எல்லாருக்கும் அப்படி ஏறும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பொது ஒளிபரப்பின் பெயருக்கு ஒரு மவுசு உண்டு. ஆனால் ‘பின்தொடராவிட்டால் பட்டினி’ என்ற பாட்டை இனி அப்படியே நம்பத் தேவையில்லை.

பணம் கட்டு, இல்லையேல் சம்மதி என்ற வழியையும் 2023 நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா முயன்றது. அதற்கு 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ அபராதம். பிறகு 2025 நவம்பர் 19-ல் ஐரோப்பிய ஆணையம் புதிய யோசனை ஒன்றை வைத்தது. ஒரே கிளிக்கில் மறுக்கலாம், மறுத்தவரை ஆறு மாதத்துக்குத் திரும்பக் கேட்கக் கூடாது, உலாவியிலேயே ஒரு முறை சொல்லிவிட்டால் தளங்கள் அதை மதிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உலாவி ஏற்பாட்டிலிருந்து செய்தி ஊடகங்களுக்கு விலக்கு. பெட்டி அதிகம் படுத்துவதே அங்கேதான்! எங்கள் வேலைக்கு ஆபத்தில்லை என்று ஆபீஸில் ஒரு தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த டிக்கெட்டுக்கு என்ன பதில் போட்டேன் என்று கேட்பீர்கள். “இது தப்பு, செய்ய மாட்டேன்” என்று எழுதியிருந்தால் இந்தப் பதிவுக்கு ஒரு கம்பீரம் வந்திருக்கும். வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது. “767676-க்கு மேல் வெளிறினால் பார்வைக் குறைவுள்ளவர்களுக்கான விதியை மீறியதாகும், எனவே இயலாது” என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் நன்றி சொல்லி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். பையை மாட்டிக்கொண்டு லிஃப்ட் வரை போனபோது போன் அதிர்ந்தது. புது டிக்கெட். “சரி, அப்படியானால் ஏற்கும் பட்டனை இன்னும் கொஞ்சம் அகலமாக்க முடியுமா?”