குனியுற பையன்

(மிச்சிகன். 2024 டிசம்பர் 14, சனிக்கிழமை ராத்திரி. டிவியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் காலேஜ் பையன்களுக்கான ஹைஸ்மன் விருது விழா.)

மாமியார்: அந்தக் குனியுற பையன் எங்க மாப்ள?

மாப்பிள்ளை: எந்தப் பையன் அத்தை? நாலு பேர் உட்கார்ந்திருக்காங்க, ஒருத்தனும் குனியலையே.

மாமியார்: இவங்க இல்லைங்க. நான் வந்து மூணு மாசமா சனிக்கிழமை தவறாம ஆட்டம் காட்டுறீங்கள்ல, அதுல. பந்தைக் காலுக்கு நடுவால பின்னாடி தள்ளிவிடுவான். நிமிர்றதுக்குள்ள எதிராளி எருமைக்கடா மாதிரி வந்து விழுவான்.

மாப்பிள்ளை: ஓ, சென்டர்! அவனெல்லாம் இங்க வரமாட்டான். இது ஹைஸ்மன் அத்தை. 1935ல இருந்து குடுக்குறாங்க. காலேஜ் ஃபுட்பால்ல இதுக்கு மேல ஒரு விருது கிடையாது.

மாமியார்: 1935ல இருந்து குனியுற பையன் ஒருத்தனுக்குக்கூடவா குடுக்கலை?

மாப்பிள்ளை: சென்டர், அவன் பக்கத்துல நின்னு தடுக்குற கார்டு, டாக்கிள் யாருக்கும் கிடைச்சதில்ல. 1973ல ஜான் ஹிக்ஸ்னு ஒருத்தர் ரெண்டாவதா வந்தாரு. ஓஹையோ ஸ்டேட். (மிச்சிகனில் படித்தவர் வாயில் அந்த எதிரிக் காலேஜ் பெயர் வேப்பங்கொழுந்து மாதிரிதான் வரும்.) ஆனா சென்டருக்குன்னே ரிமிங்டன் டிராஃபின்னு ஒண்ணு இருக்கே, 2000ல இருந்து.

மாமியார்: தனிப் பந்தியா?

மாப்பிள்ளை: பந்தி இல்ல அத்தை, விருது.

மாமியார்: அதைத்தான் சொல்றேன். அந்த விருதை இப்படிச் சனிக்கிழமையும் அதுவுமா உட்கார்ந்து பார்ப்பீங்களா?

மாப்பிள்ளை: ...கவிதா, தோசை ஆச்சா?

(அடுப்படியில் கவிதா. ஒரு கையில் தோசைக் கரண்டி, காதில் ஆபீஸ் கால்.)

மாமியார்: சரி, இதுல யாருக்குக் கிடைக்கணும்கிறீங்க?

மாப்பிள்ளை: ஆஷ்டன் ஜென்ட்டிக்கு. பாய்ஸி ஸ்டேட் பையன். இந்த சீசன்ல இதுவரைக்கும் பந்தோட 2,497 கெஜம் ஓடியிருக்கான்.

மாமியார்: கெஜமா? இருங்க... சேலை ஆறு கெஜம்னா 416 சேலை.

மாப்பிள்ளை: சேலை எங்க வந்துச்சு?

மாமியார்: இருபது வருஷம் ஜவுளிக்கடையில பில் போட்டவகிட்ட கெஜம்னு சொன்னா வேற என்னங்க வரும்?

மாப்பிள்ளை: 1988ல பேரி சாண்டர்ஸ் ஓடினது 2,628, அதுதான் ரெக்கார்டு. இன்னும் 131 கெஜம்தான் பாக்கி. அவன் காலேஜுக்கு இன்னும் ஆட்டம் இருக்கு.

மாமியார்: இருபத்திரெண்டு சேலை. சரி, எதிராளியைத் தடுத்து இவனுக்கு வழி விட்டது யாரு?

மாப்பிள்ளை: லைன்ல நிக்கிறவங்க.

மாமியார்: குனியுற பையன்.

மாப்பிள்ளை: அவனும்தான்.

மாமியார்: எங்க கடையிலயும் அப்படித்தான். நூறு சேலையை விரிச்சுக் காட்டுவான் பாருங்க, அவன் பேரைக் கேட்டுக்கிட்டு கஸ்டமர் திரும்ப வருவாங்க. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அந்த நூறையும் மடிச்சு வெச்சவன் பேரு முதலாளிக்கே தெரியாது. அது கிடக்கட்டும், யாரு பொறுக்குறது?

மாப்பிள்ளை: ஓட்டுதான். நாடு முழுக்க 870 பத்திரிகைக்காரங்க, டிவிக்காரங்க. அதுபோக, முன்னாடி ஜெயிச்சவங்களுக்கும் ஓட்டு உண்டு.

மாமியார்: சென்டர் ஜெயிக்கலை, அதனால ஓட்டு இல்லை. ஓட்டு இல்லை, அதனால ஜெயிக்கலை. நல்லா இருக்குங்க.

மாப்பிள்ளை: ஓட்டுப் போடுறவங்க எல்லா ஆட்டத்தையும் பார்க்க முடியுமா அத்தை? ஜென்ட்டியோட காலேஜ் ஐடஹோவுல. அங்க ராத்திரி ஆட்டம் முடியுறதுக்குள்ள நியூயார்க்காரன் தூங்கிப் போயிருவான். பந்து எறியுற குவார்ட்டர்பேக் பேரு மட்டும்தான் காலையில ஞாபகம் இருக்கும். 2000ல இருந்து போன வருஷம் வரைக்கும் 24 தடவை குடுத்தாங்க, அதுல 20 தடவை குவார்ட்டர்பேக்குக்கு.

மாமியார்: தூங்கி எந்திரிச்சு மார்க் போடுறதா! அந்த ஜடை போட்ட பையன் யாரு?

மாப்பிள்ளை: டிராவிஸ் ஹன்டர். கொலராடோ. அவனுக்குத்தான் குடுப்பாங்கன்னு டிவியில ஒரு மாசமா கத்துறாங்க. எனக்கு உடன்பாடு இல்ல. பந்து இவங்ககிட்ட இருந்தா ஓடிப்போய்ப் பிடிக்கிறான். எதிராளிகிட்ட போச்சா, வெளிய வராம அங்கயே நின்னு தடுக்கிறான்.

மாமியார்: அப்ப எப்ப உட்காருவான்?

மாப்பிள்ளை: உட்காரவே மாட்டான். மத்தவன் ஒரு வேலை செய்யுற இடத்துல இவன் ரெண்டு வேலை. ஆனா அத்தை, ரெண்டு செஞ்சா ரெண்டுலயும் அரைகுறைதான். விருதுன்னா ஒரே வேலையில உச்சம் தொட்டவனுக்குக் குடுக்கணும். அதுவும் இவன் தடுக்குற வேலைக்காரன்.

மாமியார்: தடுக்குறவனுக்கு முன்ன குடுத்ததே இல்லையா?

மாப்பிள்ளை: ஒரே ஒருத்தருக்கு! 1997ல சார்லஸ் வுட்சன். பேர்போன குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங்கையே ஓட்டுல தோக்கடிச்சாரு. எங்க மிச்சிகன்! அவரும் தடுப்பாரு, பந்து பிடிப்பாரு, எதிராளி உதைச்ச பந்தை எடுத்துக்கிட்டுத் திரும்ப ஓடுவாரு, எல்லா வேலையும்...

மாமியார்: ஓ. உங்க காலேஜ்காரர் ரெண்டு வேலை பார்த்தா திறமை. அடுத்த வீட்டுப் பையன் பார்த்தா அரைகுறை.

மாப்பிள்ளை: ...கவிதா, சட்னி!

மாமியார்: டிவி பக்கத்துல அந்தக் கப்பு எதுக்குங்க மாப்ள?

மாப்பிள்ளை: உங்களுக்குத் தெரியாதா? தீபாவளி பார்ட்டியில பிரியாணிக்கு முதல் பரிசு.

மாமியார்: ஆறு கிலோ வெங்காயம் உரிச்சது யாரு?

மாப்பிள்ளை: கவிதா.

மாமியார்: கறி கழுவி, மசாலா அரைச்சு, தம் போட்டது?

மாப்பிள்ளை: நான்தானே அத்தை மூடியைத் திறந்தேன்?

மாமியார்: திறந்தீங்க. போட்டோவும் எடுத்தாங்க. கோயில்ல நாகஸ்வரக்காரருக்குச் சால்வை போடுவாங்க, நியாயம். நீங்க ஒத்துகூட ஊதலையே மாப்ள.

(டிவியில் உறையைப் பிரிக்கிறார்கள். டிராவிஸ் ஹன்டர். ஜென்ட்டியை விட 214 புள்ளி கூடுதல்.)

மாமியார்: அடியே கவிதா! உனக்குக் குடுத்துட்டாங்கடி!

கவிதா: என்னம்மா? கால்ல இருக்கேன்... மாவு வேற தீந்துபோச்சு.

மாமியார்: நீ பேசு. மாப்ள வர்றாரு, மிச்ச தோசையை அவரு பார்த்துக்குவாரு.

மாப்பிள்ளை: நானா? ஜென்ட்டிக்கு அநியாயம் நடந்திருக்கு, இவனுங்க இப்ப என்ன பேசுறாங்கன்னு...

மாமியார்: நாளைக்கும் இதையேதான் பேசுவாங்க. போங்க.

(கொஞ்ச நேரம் சத்தமில்லை.)

மாப்பிள்ளை: (அடுப்படியிலிருந்து) அத்தை, மாவு எங்க இருக்கு?

மாமியார்: ஃபிரிட்ஜுல, அடித்தட்டுல மாப்ள. குனியணும்.