கேமை அழிக்கச் சொல்லி வருபவர்களுக்கு

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். ஸ்கூல் லீவு வந்தால் போதும், வாரத்துக்கு நாலு பேராவது டெப்பை, அதாவது டேப்லெட்டை, தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "தம்பி, இதுல இருக்கிற கேமெல்லாம் அழிச்சு விடுங்க. புள்ள புத்தகத்தையே தொட மாட்டேங்குது."

அழித்துக் கொடுப்பேன். வருத்தமெல்லாம் கிடையாது. பாதிக்கு மேல் சுடுவதும் வெட்டுவதும்தான். மிச்சத்தில் நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம். காசு கட்டினால் வைரக்கல் தருகிறேன் என்று பிள்ளையிடமே பேரம் பேசுகிற சாமான்களும் உண்டு. ரீலோட் போட்ட காசு முழுவதும் ஒரே ராத்திரியில் அப்படிப் போய்விட்டதென்று ஒரு அப்பா என் முன்னால் நின்று கண் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு விளையாட்டை மட்டும் நான் அழிக்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மஸ்கெலியாவில் இருக்கும் அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. அவளுடைய டெப்பில் படகு கட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. பலகை, பாய்மரம், பாய், சுமைப் பெட்டிகள் எல்லாம் ஓரமாக அடுக்கியிருக்கும். பிள்ளை இஷ்டத்துக்குப் படகு கட்டித் தண்ணீரில் விட வேண்டும். மிதந்தால் ஓட்டலாம். இல்லாவிட்டால் மூழ்கும். அவ்வளவுதான் கேம். மூழ்கினால் யாரும் திட்டுவதில்லை, சிவப்புப் பேனாவால் கோடு போடுவதில்லை. குமிழி விட்டுக்கொண்டு உள்ளே போகும், திரும்பக் கட்டலாம்.

நான் போயிருந்த அன்று பதினோராவது தடவையாக அவளுடைய படகு குடை சாய்ந்திருந்தது. "மாமா, பலகை எல்லாம் சரியாத்தானே இருக்கு, ஏன் கவுருது?" என்றாள். பார்த்தேன். பெட்டிகளையெல்லாம் மேல்தட்டில் கோபுரம் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறாள். பதில் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். மார்கரின் டப்பா ஒன்றும் கொஞ்சம் கூழாங்கல்லும் எடுத்து, பேசினில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். டப்பாவின் வாயில் அட்டையை வைத்து, அதன் மேல் கல்லை வைத்தாள். டப்பா ஒரு ஆட்டம் ஆடிக் கவிழ்ந்தது. அதே கல்லை அடியில் போட்டாள். விரலால் தட்டினாலும் ஆடிவிட்டு நிமிர்ந்து நின்றது. ஒன்றும் சொல்லாமல் டெப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதோடு விட்டாளா? என் அம்மா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தது. அதில் ஓர் உருண்டையைப் பிய்த்துக்கொண்டு ஓடி வந்து பேசினில் போட்டாள். அடியில் போய் உட்கார்ந்தது. எடுத்துத் தட்டிக் கிண்ணமாகக் குழித்து விட்டாள், மிதந்தது. அதே மா, அதே எடை. கிண்ணமாக்கினால் கூடுதல் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது. தள்ளிய தண்ணீரின் எடை தன் எடைக்குச் சமமானதும் மிதந்துவிடுகிறது. இரும்புக் கப்பல் மிதப்பதும் இதனால்தான். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதியவன் நான். ரொட்டி மாவில் பார்த்தது அன்றைக்குத்தான். "சோத்துல வெளாடாத புள்ள" என்று அம்மாவிடம் வசவு வாங்கியதும் நான்தான்.

இன்னொரு சங்கதி. விளையாட்டில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று ஓர் அம்புக்குறி காட்டும். காற்றுக்கு நேர் எதிரே பாய்ப்படகு போகாது. எதிர்ப்பக்கம் போக வேண்டுமானால் ஒரு பக்கம் சாய்வாகக் கொஞ்ச தூரம், திரும்பி மறுபக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். இதை எப்படி விளங்க வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, "ரம்பொடைல பஸ் ஏறுற மாதிரி" என்று அவளே சொல்லிவிட்டாள். கடலைக் கண்ணால் பார்த்திராத பிள்ளை. மலையில் வளர்ந்ததுதான் அந்த இடத்தில் கை கொடுத்தது.

எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றாலே "போகாதே"தான். போகக்கூடாதுதான், மவுசாகலை நீர்த்தேக்கத்தின் ஆழம் விளையாட்டுக் காரியம் இல்லை. 1960களின் கடைசியில் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுனே அதற்குள் போய்விட்டது. மழை பொய்த்துத் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும், சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். பக்கத்திலேயே அவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு, படகு ஏன் மிதக்கிறது என்று ஒரு பிள்ளைக்கும் நாம் காட்டியதில்லை.

இத்தனைக்கும் படகுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லையா? தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்த சனம்தானே மலையகத் தமிழர் நாம். அனுப்பப்பட்டதும் கடல் வழியாகத்தான். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் எங்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் பெரியம்மா குடும்பமும் அந்தக் கணக்கில்தான் போனது. ஹட்டன் ஸ்டேஷன் வரைக்கும் அம்மா போயிருக்கிறது. போகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் அழுததால் ஒப்பாரிக் கோச்சி என்பார்களே, அந்த ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்ததாம். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ராமானுஜம் கப்பல். அதை அம்மா பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் பிள்ளையின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எத்தன பேரு ஏறலாம்?" என்று அம்மா கேட்டது. "ஆளெல்லாம் ஏத்த ஏலாது அம்மாயி, பெட்டி மட்டுந்தான்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம், "பெட்டிய அடியிலயே வையி" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டது.

ஆகவே டெப் கொண்டு வருகிறவர்களிடம் இப்போது ஒன்று கேட்கிறேன்: பிள்ளை விளையாடும்போது பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தீர்களா? முக்கால்வாசிப் பேர் இல்லை என்கிறார்கள். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், வேலை முடிந்து வந்து உட்கார நேரம் எங்கே என்று கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் அழிக்க இப்போது கை வருவதில்லை. பிள்ளை தானாக எதையாவது செய்து, தவறிப்போய், திரும்பச் செய்ய விடுகிற விளையாட்டு என்றால் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். சுட்டுத் தள்ளுவதும் வைரக்கல் விற்பதும் போகட்டும். அரைமணி நேரக் கணக்கு வைப்பது உங்கள் பாடு.

இந்த விளையாட்டிலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. முழுக்க இங்கிலீஷ். அதில் 'கெட்டமரன்' என்று ஒரு படகு, இரண்டு படகை அருகருகே வைத்துப் பலகையால் இணைத்த மாதிரி. அது நம்முடைய கட்டுமரம் என்ற சொல்தான் என்றேன். மரத்தை வரிசையாக வைத்துக் கயிற்றால் கட்டுவது, தண்ணீர் இடுக்கு வழியாக வந்து இடுக்கு வழியாகவே போய்விடும், கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப் போடுவார்கள் என்று தெரிந்ததைச் சொன்னேன். உடனே கட்டப் பார்த்தாள். விளையாட்டு விடவில்லை. பலகைக்கு நடுவில் இடைவெளி இருந்தால் ஓட்டை என்று சொல்லி மூழ்கடிக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது டெப் சார்ஜில் கிடந்தது. அவள் வாசலில் குந்தியிருந்தாள். விறகுக்கு வைத்திருந்த காய்ந்த கவ்வாத்து மிளாறில், அதாவது வெட்டிய தேயிலைச் செடிக் கிளையில், ஐந்து குச்சியைச் சாக்கு நூலால் கட்டி, பேசினில் விட்டு, மேலே தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.