மோதிரம் தேய்த்தால் ஈயம் தெரியாது
"லிப்ஸ்டிக்கைக் கையில் பூசித் தங்க மோதிரத்தால் தேயுங்கள். கறுத்தால் அதில் ஈயம்!" கொழும்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. மோதிரத்தின் உலோகம் உரசியே அந்தக் கறுப்புக் கோடு விழலாம். ஈயமே இல்லாத லிப்ஸ்டிக்கிலும் விழும். ஈயத்தை ஆய்வுகூடத்தில்தான் அளக்க முடியும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் (எஃப்டிஏ) இணையத்தளத்தில் பாருங்கள்: ஈயம் மில்லியனில் 10 பங்குக்கு மேல் கூடாது என்பதே அவர்களின் பரிந்துரை.

முதல்முறை வாங்கும் பிள்ளைகளை வீணாகப் பயமுறுத்த வேண்டாம். புறக்கோட்டையோ வெள்ளவத்தையோ, இறக்குமதியாளர் பெயரும் காலாவதித் திகதியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். லேபிளே இல்லாத வெண்மையாக்கும் கிரீம்கள்தான் உண்மையில் கவலை; அவற்றில் பாதரசம் இருக்கலாம். முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. மோதிரச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.