டேப் பிரச்சினைங்க்கா

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டிகளுக்கு பார்கோடு அடித்துக் கணக்கு வைக்க ஒரு சின்ன மென்பொருள். எழுத இரண்டு வாரம் ஆனது, சரி. அதை ஒரு டெப் பேக்கேஜாக, அதாவது உபுண்டு லினக்ஸில் இன்ஸ்டால் செய்கிற பொட்டலமாகக் கட்ட மூன்று நாளா?

முதல் நாள் முழுக்க ஒரே ஒரு டேப், கீபோர்டில் தட்டுகிற டேப். டெபியன் ஃபோல்டருக்குள் ரூல்ஸ் என்று ஒரு கோப்பு. பேர்தான் ரூல்ஸ், ஆள் மேக்ஃபைல்: மென்பொருளைக் கட்டித் தரும் ‘மேக்’ என்ற கருவிக்கான கட்டளைப் பட்டியல். அதில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். என் எடிட்டரோ நல்ல பிள்ளையாக அதை நான்கு ஸ்பேஸாக மாற்றி வைத்திருக்கிறது. “மிஸ்ஸிங் செபரேட்டர். ஸ்டாப்.” வரி எண் இருக்கிறது, வரியில் ஒரு பிழையும் இல்லை. கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை! எட்டு ஸ்பேஸ் இருந்தால் ‘டேப் போட நினைத்தீர்களா’ என்று கேட்கத் தெரியும் இந்த மேக்குக்கு. நான்கு என்றால் வாயே திறக்காது. 1976-ல் பிறந்தது. அதை எழுதியவர் பின்னாளில் சொன்னது: மாற்றலாம் என்று பார்ப்பதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று விட்டுவிட்டாராம். அந்தப் பன்னிரண்டு பேரும் நல்லா இருக்கட்டும்.

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “ஏனுங் தம்பி, என்னாச்சு?” என்றார் பக்கத்து டேபிள் அக்கா. “டேப் பிரச்சினைங்க்கா.” பெட்டி ஒட்டும் பிரவுன் டேப்பில் ஒரு ரோலை எடுத்து லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் கோப்பு காணோம், பாதை காணோம். அதை எழுதினால் பிபி ஏறும்.

மூன்றாம் நாள் கட்டியாயிற்று. அங்கிருந்த கம்ப்யூட்டரில் முணுமுணுக்காமல் இன்ஸ்டாலும் ஆனது. திறந்தால்? ‘ஜிலிப்சி 2.34 இல்லை.’ லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரலும் சாய்ந்து நிற்கும் அடிப்படை லைப்ரரி அது. என் லேப்டாப் உபுண்டு 22.04. அங்கே 20.04, அதிலிருப்பது 2.31. நான் புதிதாக எதையும் தொடவே இல்லை சாமி! 2.34-ல் த்ரெட் லைப்ரரியை ஜிலிப்சியின் மையக் கோப்பான லிப்சிக்குள் இழுத்துப் போட்டபோது, நிரலைத் தொடங்கி வைக்கும் ஃபங்ஷனுக்கே புதுப் பதிப்பு எண் ஒட்டிவிட்டார்கள். ஆக, ‘வணக்கம்’ என்று மட்டும் காட்டும் நிரலைக்கூடப் புதியதில் கட்டினால் பழையதில் ஓடாது. பழையதில் கட்டினால் புதியதில் ஓடும். கன்ட்ரோல் கோப்பில் லைப்ரரி சார்புகளுக்கான வரியை நான் விட்டதும் தப்புதான். போட்டிருந்தால் இன்ஸ்டால் ஆகும்போதே மறித்திருக்கும். கட்டும்போது வார்னிங்கும் வந்திருக்கிறது, நூறு வரிக்கு நடுவே ஒரு வரியாக. யார் பார்த்தது?

ஓனர் வந்து நின்றார். “முடிஞ்சுதுங்களா தம்பி?”

“லேப்டாப்புக்குள்ளயே 20.04-க்குன்னு தனியா ஒரு கன்டெய்னர் போட்டு, அதுக்குள்ள வெச்சு மறுபடி கட்டணுங்கண்ணா.”

“நம்ம கன்டெய்னர் மூணு மணிக்குத் தூத்துக்குடிக்குக் கெளம்பிருச்சு. உங்குளுது மட்டும் ஏனுங் இன்னும் கெளம்ப மாட்டீங்குது?”