பழனிக்கு ஒரு வாரம் கிடைக்கிறது, ஊரணிக்கு நாற்பது நிமிஷம் கிடைக்காதா?

தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறேன் என்று வீட்டில் சொன்னால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. போன தையோடு நாலு வருஷம் போயாகிவிட்டது. குன்றக்குடியில் சாமி கும்பிட்டுக் கிளம்பி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நடந்து பழனி சேர்வதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். அந்த ஒரு வாரமும் கோட்டையூரில் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. பையன் பள்ளிக்கூடம் போகிறான். அத்தைக்கு வேளாவேளைக்கு மாத்திரை கிடைக்கிறது. வீட்டுக்காரர் நேரத்துக்குக் கடை திறக்கிறார். ஆபீசில் ஆடிட்டர் சார், "போய்ட்டு வாங்கம்மா, எனக்கும் சேத்து ஒரு கும்பிடு போட்டுடுங்க" என்கிறார். ஜனவரி மாதத்து ஜிஎஸ்டி வேலையைப் பக்கத்து சீட்டுப் பெண் முகம் கோணாமல் வாங்கிக்கொள்கிறாள்.

இதே நான், இரண்டு வருஷத்துக்கு முன்னால், தினமும் காலையில் நாற்பது நிமிஷம் ஊரணிக் கரையில் நடக்கப்போகிறேன் என்று சொன்னேன். எதிர்வீட்டு ஆச்சி வாசலிலேயே மறித்து, "ஏத்தா, என்ன சீக்குன்னு இப்படிக் கருக்கல்ல கிளம்பிட்ட?" என்று கேட்டார்கள். அத்தை, "வீட்டு வேலை பாக்குறது பத்தாதா?" என்றார்கள். வீட்டுக்காரர் ஒன்றுமே சொல்லவில்லை. "அப்பக் காப்பி?" என்று மட்டும் கேட்டார். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிச் சமாளித்துவிட்டேன். மூன்றாவது கேள்விதான் என்னை மூன்று மாதம் வீட்டுக்குள் நிறுத்தி வைத்தது.

வேலைக்குப் போகிறவர்கள் உடற்பயிற்சி செய்யாததற்குச் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. என் ஒரு நாளைச் சொல்கிறேன். ஐந்து மணிக்கு எழுந்து காப்பி, டிபன், மதியத்துக்கு மூன்று டப்பா. எட்டே முக்காலுக்கு டவுன் பஸ். ஒன்பதரைக்குக் காரைக்குடியில் ஆபீஸ். ஆறரைக்கு வெளியே வந்தால் அன்றைக்கு நல்ல நாள். மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல், அந்த நாட்களில் எட்டு மணி. செப்டம்பரில் வரித் தணிக்கை அறிக்கைக்கு நாங்கள் படும் பாடு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். இதற்குள் நாற்பது நிமிஷம் எங்கே இருக்கிறது? "மனசிருந்தா நேரம் தானா வரும்" என்று சொல்வார்கள். வராது. யாராவது அந்த நேரத்தை விட்டுக்கொடுத்தால்தான் வரும்.

எனக்கு மனசு வந்தது ரத்தப் பரிசோதனையால். வயது 43. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.2 சதவீதம். இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. 5.7இலிருந்து 6.4 வரை இந்த இடைப்பட்ட நிலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023இல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிப் பேருக்கு மேல் என்னைப் போல வாசலில் நிற்கிறார்கள் என்று அதில் கணக்கு. என் அம்மாவுக்கும் நாற்பதுகளில்தான் ஆரம்பித்தது. அம்மாவின் கால் விரலில் புண் ஆறாமல் கிடந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியது நான்தான். அதற்கு மேல் எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சரி, வீட்டு வேலை பத்தாதா என்ற கேள்விக்கு வருகிறேன். அத்தை அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. அவர்கள் காலத்தில் அம்மி, ஆட்டுக்கல், உலக்கை, ஊரணியிலிருந்து இடுப்பில் குடம். உடம்பு வளைந்து, மூச்சு வாங்கி, வேர்த்தது. (அந்த வேலைதான் அவர்கள் முழங்காலையும் தின்றது. அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.) இன்றைக்கு நான் செய்கிற வீட்டு வேலை மிக்சிக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் நிற்பது. கால் கடுக்கும், இடுப்பு வலிக்கும், நெஞ்சு படபடக்காது. களைப்பு இருக்கிறது, பயிற்சி இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரியான அசைவு. பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம். அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வலுச் சேர்க்கும் பயிற்சி. வெங்காயம் உரிக்கும்போது நான் பாட்டே பாடிவிடுகிறேன்.

டவுன் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆய்வு நினைவுக்கு வரும். லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் இரட்டைமாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் எழுதியது. டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ், ஒரே நிறுவனம். டிரைவர் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு நோய் கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. எங்கள் பஸ் கண்டக்டர் கூட்டத்துக்குள் உடம்பை நுழைத்து, ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை என்று முன்னும் பின்னும் போய்வருவதைப் பார்க்கும்போது, நான் என்னவோ ஒன்பது மணி நேரம் டிரைவர் சீட்டில் உட்காரத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும்.

அப்புறம் அந்தக் காப்பி.

பாதயாத்திரையிலிருந்து திரும்பிய மறுநாள் ராத்திரி, வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் கேட்டேன். "இந்த ஒரு வாரம் காலையில காப்பி யார் போட்டாக?" "நாந்தான்." "பையனுக்கு டப்பா?" "நாந்தான். ரெண்டு நாள் அம்மா தயிர்சாதம் கெளறிக் குடுத்தாக." "அப்பத் தெரியுமில்ல?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. பதினெட்டு வருஷக் கல்யாணத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்கவைக்கவுமில்லை, அவருக்குக் கேட்கத் தோன்றவுமில்லை. தப்பு யார் பக்கம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் என் உடற்பயிற்சி தொடங்கியது ஊரணிக் கரையில் இல்லை, அந்த ராத்திரி வளவில்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இப்போது திங்கள், புதன், வெள்ளி, சனி காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறேன். ஊரணியை நாலு சுற்று. சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் வெயில் ஏழு மணிக்கே முதுகில் அறையும். அதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். செவ்வாயும் வியாழனும் நடை இல்லை, திண்ணைதான். நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் ஒரு பகுதியில். முகப்புத் திண்ணை என் இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும். அதன் விளிம்பில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, காலைப் பின்னால் நீட்டி, உடம்பைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு நெஞ்சைத் திண்ணைக்கு இறக்கி ஏற்றுவேன். முதல் நாள் நாலு, ஐந்தாவதில் கை நடுங்கியது. இப்போது பன்னிரண்டு, மூச்சு விட்டு மறுபடி பன்னிரண்டு. விடியலில் அந்தக் கல் குளிர்ந்து கிடக்கும். உள்ளங்கை வழியாகத் தோள் வரைக்கும் அந்தக் குளிர் ஏறுவது எனக்குப் பிடிக்கும். அப்புறம் நாற்காலியில் கை ஊன்றாமல் பதினைந்து தடவை உட்கார்ந்து எழுவேன். நாற்பதுக்கு மேல் தசை குறைந்துகொண்டே போகும், சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையைப் பெரும்பங்கு வாங்கிக்கொள்வதும் தசைதான். நடை மட்டும் போதும் என்று நினைத்திருந்த எனக்கு இது தெரிந்த அன்றே திண்ணை வேலை தொடங்கிவிட்டது.

11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நான் நடப்பதில்லை. இதை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் விடாமல் தினமும் என்று விரதம் எடுத்தவர்கள் ஒரு நாள் விட்டதும் மொத்தமாக விட்டுவிடுவதை ஆபீசிலேயே பார்த்திருக்கிறேன். ரிட்டர்ன் நாளில் மதியம் சாப்பிட்டதும் ஆபீஸ் மாடியில் பத்து நிமிஷம் நடந்தால் எனக்குப் போதும். ஒரே மூச்சில் பத்து நிமிஷமாவது இருந்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டது, ஐந்து நிமிஷமும் கணக்கில் சேரும். சாப்பிட்ட கையோடு நடந்தால் வேலை செய்கிற தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. மதியச் சோற்றுக்குப் பிறகு கணக்குப் புத்தகத்தின் மேல் தலை சாய்கிறவர்கள் இதை ஒரு வாரம் செய்து பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊரணிக் கரை சேறாகிவிடும். அப்போது வளவைச் சுற்றித்தான் நடை. ஒரு சுற்று 46 அடி வைக்கிறேன், நடு முற்றத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் இந்தப் பத்து நிமிஷம் கிடையாது. சாப்பிட்டு எழுந்து வராந்தாவில் நடந்தால், "வேலை இல்லையா?" என்று கேட்பார்கள். டீக்கடைக்கு இருபது நிமிஷம் போய்வருகிற ஆண்களை யாரும் கேட்டதில்லை. கடை, ஆபீஸ் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மதியம் அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுங்கள், கேள்வி கேட்காமல் கொடுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் நகைக்கடையில் வேலை பார்க்கிறாள். வயது 28. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நிற்கிறாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தியாகிவிட்டது. ஆனாலும் நாற்காலி சுவரோரம் கிடக்க, இவள் நிற்கிறாள். "அக்கா, இவ்வளவு நேரம் நிக்கிறேனே, இதுக்கு மேல நடக்கணுமா?" என்று கேட்டாள். அவளிடம் நட என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராத்திரி பத்து நிமிஷம் காலைச் சுவரில் சாய்த்துத் தூக்கி வைத்துப் படுக்கச் சொன்னேன். லீவு நாளில் என்னோடு ஊரணிக்கு வரச் சொன்னேன். வருகிறாள். அவள் வீட்டுக்காரரிடம் காப்பியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பேசவில்லை போல.

ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் 5.8 வந்தது. ராத்திரிச் சோற்றைக் குறைத்ததும் பலகாரத் தூக்குப் பக்கம் போகாததும் இதில் சேர்த்தி, நடை ஒன்றாலேயே என்று சொல்லமாட்டேன். ஆனால் பழனி போகும்போது நத்தம் தாண்டியதும் வலிக்க ஆரம்பிக்கிற முழங்கால் போன தையில் திண்டுக்கல் வரை பேசவேயில்லை. அது நடையாலும் திண்ணையாலும் வந்தது.

நேற்று ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வந்த வீட்டுக்காரர், நிலையோரம் என் ஷூவைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு இருவதாம் தேதியாச்சே, பால் எத்தனை மணிக்குக் காச்சணும்?" என்று கேட்டார். நடை இல்லை, ஆறு மணிக்குப் போதும் என்றேன். சரி என்று அடுப்படிக்குப் போய்ப் பால் சட்டியைக் கழுவி வைத்தார்.